பாரம் சாட்டுதல்: ஒரு சொல்லின் நிறை

நம்முடைய சஞ்சிகைகளில் ஒரு நூலை மெச்ச வேண்டுமென்றால் 'கனதியான' என்ற சொல் தானாக வந்து விழுகிறது. கனதியான கவிதைகள், கனதியான உள்ளடக்கம், கனதியான பங்களிப்பு. ஒரு நூல் வெளியீட்டில் நான்கு பேர் பேசினால் நால்வர் வாயிலும் இதைக் கேட்கலாம். தமிழகத்து வாசகருக்கு இச்சொல் அவ்வளவு பழக்கமில்லை. இது பெரும்பாலும் இலங்கைத் தமிழ் எழுத்தின் சொத்து. சொத்துத்தான், ஆனால் கைமாறிக் கைமாறித் தேய்ந்த சல்லி. எதனால் கனதி, எந்தத் தராசில் நிறுத்துச் சொல்கிறீர்கள் என்று எவரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை நான் எமது இடப்பெயர்வு எழுத்தை வைத்துக் கேட்க விரும்புகிறேன். 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்தும் முசலிக் கரையிலிருந்தும் வெளியேற்றப்பட்டவர்கள் எழுதியவையும், அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியவையும் இன்று ஒரு சிறு இலக்கியமாகச் சேர்ந்துவிட்டன. அவற்றைப் பற்றிய மதிப்புரைகளில் பாரம், சுமை, கனம் என்ற மூன்றும் மாறி மாறி வருகின்றன. 'நெஞ்சைக் கனக்க வைக்கும் படைப்பு' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டால் விமர்சகரின் கடமை தீர்ந்தது. இந்தச் சொற்கள் எங்கள் கரையில் புழங்கிய விதம் வேறு. அங்கே பாரம் என்பது துக்கத்தின் பெயராக இருந்ததைவிடக் கணக்கின் பெயராகவும், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் பொறுப்பின் பெயராகவுமே அதிகம் இருந்தது. அது தெரியாமல் வாசிக்கிறவர், ஒரு பாத்திரம் வைக்கும் வழக்கை ஒப்பாரி என்று எடுத்துக்கொள்கிறார்.

முதலில் பேச்சு. 'கனக்கக் கதைக்காத', 'கனகாலமாக் காணயில்ல', 'கனபேர் வந்தாங்க' என்றெல்லாம் சொல்லும்போது கனம் என்பது எடையைக் குறிப்பதில்லை, தொகையைக் குறிக்கிறது. ஒரே தலையில் கனம் வந்தால் அது குணம், பாரம் வந்தால் அது தடிமன், சுமை வந்தால் அது பிழைப்பு. தலைக்கனக்காரனை ஊர் வெறுக்கும். தலைப்பாரக்காரனுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கும். தலைச்சுமையாக மீன் கொண்டு வருகிறவரை வாசலில் மறித்து விலை கேட்கும். 'அவன் லேசுப்பட்ட ஆளில்ல' என்ற பேச்சில் ஒரு மனிதனைத் தராசில் ஏற்றி இறக்கியாகிவிட்டது. அது புகழ்ச்சியா எச்சரிக்கையா என்பது சொல்கிறவரின் குரலில்தான் தெரியும்.

கடைக்குப் போனால் எடையின் சொற்கள் கடல் கடந்து வந்தவை. ஒரு இறாத்தல் பாண் என்கிறோம். கிராம் வந்து எவ்வளவோ காலமாயிற்று, பாணின் நிறை 450 கிராம் என்று சட்டம் சொல்கிறது, இருந்தாலும் வாய் இறாத்தலை விடவில்லை. அரபியின் 'ரத்ல்' போர்த்துக்கீசர் வாயில் 'அர்ராத்தெல்' ஆனது. அதன் வழித்தோன்றல்தான் நம் இறாத்தல். மறுபுறம், வடமொழி 'பார' அரபு வணிகரிடம் போய் 'பஹார்' என்ற பெரிய நிறையாக இந்துமா கடல் முழுவதும் புழங்கியது. மிளகும் கறுவாவும் அந்தக் கணக்கில் கைமாறின. இந்தக் கரையில் பாரம் என்ற சொல்லே ஒரு சரக்காகப் போய்வந்திருக்கிறது என்பது எனக்குச் சந்தோஷமான செய்தி.

மரியாதையும் எடைதான். 'கௌரவ அமைச்சர்' என்று அழைப்பிதழில் அச்சடிக்கிறோமே, அந்தக் கௌரவத்தின் வேர் 'குரு', அதாவது பாரமானது. மன்னாரின் கிறிஸ்தவச் சகோதரர்கள் பெற்றாரைக் கனம்பண்ணுதல் என்று படிப்பதும் இதே வழிதான். அதன் பின்னால் நிற்கும் எபிரேயச் சொல்லுக்கும் கனம் என்பதே வேர்ப்பொருள். இவற்றை விரிக்கப் புகுந்தால் கட்டுரை வேறெங்கோ போய்விடும்.

தமிழின் சொந்த வேர் ஒன்றை மட்டும் தாண்டிப்போக முடியாது. பொறு என்ற வினை. பழந்தமிழில் பொறை என்றால் பாரம். பொறை என்றால் பொறுமையும்தான். வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே பொறையுடைமை என்று பெயர் வைத்தார். பொறையுயிர்த்தல் என்றால் பிள்ளை பெறுதல். பொறுப்பும் இதே குடும்பம். நாம் மன்னிப்புக் கேட்கும்போது என்ன சொல்கிறோம்? 'பொறுத்துக்குங்க.' ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய், 'ஏதும் தெரிஞ்சோ தெரியாமலோ செஞ்சிருந்தாப் பொறுத்துக்குங்க, ஹலாலாக்கிக்குங்க' என்று சொல்லிவிட்டுத்தான் புறப்படுகிறார். நான் உனக்குச் செய்த அநியாயத்தின் நிறையை நீ தூக்கிக்கொள், மறுமையில் என்னிடம் கேட்காதே என்பதுதான் அதன் நேர்ப்பொருள். பொறுப்பதும் பொறுக்க மறுப்பதும் உரிமைக்காரரின் கையில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு வரவேண்டும்.

எங்கள் ஊர்ப் பெண்கள் வாயில் அடிக்கடி வரும் ஒரு தொடர்: 'அல்லாட்ட பாரம் சாட்டிட்டன்.' தமிழகத்து முஸ்லிம்களும் இதைச் சொல்வார்கள். அரபியில் இதற்குத் தவக்குல் என்று பெயர், இறைவனிடம் பொறுப்புக் கொடுத்தல் என்று உரையாசிரியர் எழுதுவார். சரிதான். இலங்கைத் தமிழில் பதவியைப் பாரமெடுத்தார், சாவியைப் பாரங்கொடுத்தார் என்று சாதாரணமாகவே சொல்கிறோம். பாரம் என்றால் ஒப்படைக்கப்படும் பொறுப்பு என்ற பொருள் நமக்குப் புதிதல்ல. ஆனால் 'சாட்டு' என்ற வினையை உரையாசிரியர் கவனிப்பதில்லை. குற்றம் சாட்டுகிறோம். பொறுப்புச் சாட்டுகிறோம். 'சும்மா சாட்டுச் சொல்லாத' என்று பிள்ளையை ஏசும்போது சாட்டு என்றால் போலிக் காரணம். ஒப்படைப்பு, குற்றச்சாட்டு, தப்பிக்கும் சாக்கு, மூன்றும் இந்த ஒரு வினைக்குள் இருக்கின்றன. ஆகவே பாரம் சாட்டுதல் என்று ஒருவர் சொல்லும்போது எதைச் சொல்கிறார் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டறிய வேண்டும்.

கோழி களவு போனால் சொல்வார்கள். காணி எல்லையை ஒரு முழம் தள்ளிப் போட்டவனோடு வாதாட முடியாதபோது சொல்வார்கள். கைமாற்றாக வாங்கியவர் இல்லையென்று மறுத்தால் சொல்வார்கள். கவனியுங்கள்: அந்த வசனத்தில் எதிராளியின் பெயர் இருக்காது. சொல்லவேண்டிய தேவையில்லை, கேட்க வேண்டியவனுக்குக் கேட்டுவிடும். அது தன் காதுக்கு வந்தால் அவன் பயப்படுவான். 'பாரம் சாட்டிட்டாவாமே' என்று மனம் குழம்பி, யாரையாவது நடுவில் வைத்துப் பேசிச் சமாதானத்துக்கு வருவதும் உண்டு. வெறும் சலிப்புக்கு எவனும் பயப்பட மாட்டான். பொறுத்துக்கொள்ள மறுத்தவர் தன் வழக்கை மேல் நீதிமன்றத்தில் பதிந்துவிட்டார் என்பதற்குத்தான் பயப்படுகிறான். அந்த நீதிமன்றத்தில் ஒரு தராசு இருக்கிறது என்பது அவனுக்கும் தெரியும்.

அந்தத் தராசின் பெயர் மீஸான். அல்காரிஆ அத்தியாயம் மனிதரை இரண்டே வகையாகப் பிரிக்கிறது: தட்டு கனத்தவர், தட்டு இலேசானவர். ஸில்ஸால் அத்தியாயத்தில் அணுவளவு நிறைக்கும் கணக்கு உண்டு. அங்கே வரும் 'மிஸ்கால்' பொன் வணிகரின் எடைப்பெயருமாகும். அளவில் மோசடி செய்கிறவர்களைப் பற்றி முதஃப்பிபீன் என்று தனி அத்தியாயமே இருக்கிறது. இமாம் புகாரி தம் தொகுப்பின் கடைசி ஹதீஸாக வைத்தது, நாவுக்கு இலேசான, ஆனால் தராசில் கனக்கும் இரு வசனங்களைப் பற்றிய செய்தி. அத்தனை பெரிய தொகுப்பை அவர் முடித்த இடம் சொல்லின் நிறை என்பதை நம் விமர்சகர்கள் ஒருதரம் யோசித்துப் பார்க்கலாம். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: ஜும்ஆ அத்தியாயத்தில் வரும், ஏடுகளைச் சுமக்கும் கழுதையின் உவமை. மன்னார் பட்டினத்தில் கேட்பாரற்றுத் திரியும் கழுதைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த உவமை நினைவுக்கு வரும். பாவம், ஒரு காலத்தில் பொதி சுமக்க வந்தவை. இப்போது பொதியும் இல்லை, உரிமையாளரும் இல்லை. அறுநூறு பக்கத் தொகுப்புகளைக் கனதியானவை என்று நாம் எழுதும்போது, எந்த வகைக் கனம் என்று கேட்க இந்த உவமை ஒன்றே போதும்.

கனத்தை எப்படி அளப்பது என்பதற்கு எங்கள் கடலே ஒரு வழி வைத்திருந்தது. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைக்கு அப்பால் முத்துப்பார்கள். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதற்கான பாசறை மறிச்சுக்கட்டியில் இருந்தது. கீழக்கரையிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் வந்த முஸ்லிம் குளியாளிகளும், தூத்துக்குடிப் பரதவரும் ஒரே கடலில் இறங்கினார்கள். இறங்குவதற்கு ஒரு கல். துளையிட்ட கருங்கல்லில் கயிறு கோத்து, கயிற்றின் வளையத்தில் கால் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டால் கல் ஆளைக் கொண்டுபோய் அடியில் சேர்க்கும். ஐந்து பாகமோ பத்துப் பாகமோ ஆழம். அடியில் போனதும் காலை எடுத்துவிட வேண்டும். தோணியில் நிற்பவர்கள் கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். சிப்பிகளைக் கூடைவலையில் அள்ளியபின் கயிற்றை அசைத்தால் அவரையும் தூக்குவார்கள். பாரம் இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. எப்போது அதை விடவேண்டும் என்று தெரியாதவருக்கும் இந்தத் தொழில் இல்லை. கயிறு பிடித்தவரின் கையில் தன் உயிரை அவர் பாரங்கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார்.

கரையில் இன்னொரு கணக்கு நடந்தது. முத்துகளைத் துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்துப் பருமன் பிரிப்பார்கள். ஆணி, அணாதாரி என்று தொடங்கிக் குறுவல், தூள் வரை தரம் பிரிப்பார்கள். பிறகு மஞ்சாடியாலும் களஞ்சாலும் நிறுப்பார்கள். இருபது மஞ்சாடி ஒரு களஞ்சு. விலை சொல்வது நேரே நிறையைக் கொண்டல்ல. உயர்ந்த தரத்துக்குச் 'செவ்வு' என்று ஒரு கணக்கு. அதன் நுணுக்கங்களை விட்டுச் சாரத்தைச் சொன்னால், நிறையை அதே நிறையால் பெருக்கி, முத்துகளின் தொகையால் வகுப்பது. பத்து மஞ்சாடி நிறையில் ஒரே முத்து இருந்தால் நூறு. அதே பத்து மஞ்சாடியைப் பத்து முத்துகள் சேர்ந்து காட்டினால் பத்து. தராசில் இரண்டும் ஒன்றுதான், விலையில் பத்து மடங்கு வித்தியாசம். கனதி என்ற சொல்லை எடுப்பதற்கு முன் நம்முடைய மதிப்புரைக்காரர் செவ்வுக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால், எத்தனையோ தொகுப்புகள் தூளாக நின்றிருக்கும். நான்கு பக்க நினைவுக்குறிப்பு ஒன்று ஆணியாக நின்றிருக்கும்.

இப்போது 1990. வடமாகாணத்திலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவின் மக்கள் கரையில் காத்திருந்து தோணிகளிலும் வள்ளங்களிலும் கற்பிட்டிப் பக்கம் போனார்கள். என்ன கொண்டு போகலாம் என்பதற்கு வரம்பு இருந்தது. மன்னாரில் ஒரு குடும்பத்துக்கு ஐந்து பயணப் பைகள், 2000 ரூபா, ஒரு பவுண் நகை என்று பதிவுகள் சொல்கின்றன. இடத்துக்கிடம் இந்தக் கணக்கு மாறியது, யாழ்ப்பாணத்தில் இன்னும் கடுமை. இதை வைத்து எழுதப்பட்ட பல பிரதிகளில் 'சுமக்க முடியாத பாரத்தோடு வெளியேறினோம்' என்ற வகை வசனம் வருகிறது. எனக்கு அதில் ஒரு முரண் தெரிகிறது. அவர்கள் கொண்டுபோனது மிக இலேசானது. ஒரு வீட்டின் நாற்பது வருடம் ஐந்து பைக்குள் அடங்கவேண்டும் என்பதுதான் அநியாயம். கனமானவை அத்தனையும் பின்னால் நின்றுவிட்டன: நெல் மூடை, மாடு, தோணி, தைத்துக்கொண்டிருந்த வலை, கிணறு, பள்ளிவாசல், காணி உறுதி வைத்த அலுமாரி. நல்ல பிரதிகள் இந்த விஷயத்தில் ஏமாறவில்லை. அவை பையைத் திறந்து உள்ளே என்ன இருந்தது என்று எழுதுகின்றன. எதை எடுத்து, பிறகு எதை வெளியே வைத்தார்கள் என்று எழுதுகின்றன. மோசமான பிரதிகள் மனப் பாரம் என்று சொல்லிவிட்டுப் பையை மூடிவிடுகின்றன.

இந்த இடத்தில் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாவை நினைக்காமல் இருக்க முடியாது. மன்னாரைச் சேர்ந்த அந்தப் புவியியலாளர் வெளியேற்றப்பட்டோரின் தொகையையும் இழப்புகளையும் கணக்கெடுத்து, 2001இல் ஆங்கிலத்தில் நூலாகத் தந்தார். 2018இல் காலமானார். இலக்கியக்காரர்கள் அதைப் புள்ளிவிபரம் என்று ஒதுக்குவார்கள். செவ்வுக் கணக்கில் பார்த்தால் நமது பல கவிதைத் தொகுதிகளைவிட அது கனமானது. காரணம் அது எதையும் தோராயமாக விடவில்லை.

பாரம் சாட்டுதலுக்குத் திரும்புவோம். அந்தப் பிரதிகளில் வயதான பெண் ஒருவர், பெரும்பாலும் உம்மும்மா அல்லது வாப்பும்மா, தோணியில் ஏறும்போதோ அகதி முகாமின் ஓலைக் கொட்டிலிலோ இந்த வசனத்தைச் சொல்லாமல் போவதில்லை. விமர்சகர்கள் இதை இரண்டு விதமாக விளக்குகிறார்கள். ஒரு சாரார், 'ஈமானிய உறுதி' என்று மெச்சுகிறார்கள். மற்றச் சாரார், 'விதியை நம்பி ஓய்ந்துபோன மனநிலை' என்று குறைப்படுகிறார்கள். இருவரும் அந்தப் பெண் அமைதியாகிவிட்டார் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. துவக்கு வைத்திருப்பவன் முன்னால் குற்றவாளியின் பெயரைச் சொல்ல முடியாத இடத்தில், பெயரே தேவைப்படாத ஒரு குற்றச்சாட்டு வசனம் அந்தப் பெண்ணின் மொழியில் ஏற்கெனவே இருந்தது. கோழிக் களவுக்கும் காணி எல்லைக்கும் பயன்படுத்திய அதே வசனம். அவர் அதை எடுத்தார். 'பொறுத்துக்கொண்டேன்' என்று அவர் சொல்லவில்லை என்பதைப் பாருங்கள். பொறுத்துக்கொள்வதற்கு எங்கள் பேச்சில் வேறு சொல் இருக்கிறது. அது அவருக்கு நன்றாகவே தெரியும். நல்ல கதையாசிரியர் இந்த வசனத்தைப் பாத்திரத்தின் வாயில் வைத்துவிட்டு விலகிவிடுவார். அடுத்த வரியில் கண்ணீரை வழியவிடுகிறவர் தானே வழக்கை வாபஸ் வாங்கிவிடுகிறார்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். சாட்டு என்பதற்குச் சாக்கு என்ற பொருளும் உண்டு என்றேன். முகாமில் ஒரு குடும்பத்துக்கு வரவேண்டிய நிவாரணம் வராதபோது, மீள்குடியேற்றப் பட்டியலில் பெயர் விடுபட்டபோது, 'அல்லாட்ட பாரம் சாட்டுங்க' என்று மேடையிலிருந்து சொல்கிறவர்களை நாம் கேட்டிருக்கிறோம். பாதிக்கப்பட்டவர் தன் வாயால் சொன்னால் வழக்கு. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் சொன்னால் சாக்கு. ஒட்டகத்தை முதலில் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை மேடைக்காரர் மறந்துவிடுகிறார். பிறரின் பாரத்தைத் தாமே எடுத்துச் சாட்டிவிடும் பிரசங்கிகள் பற்றி இதுவரை ஒரு நல்ல சிறுகதைகூட என் கண்ணில் படவில்லை என்பது குறைதான். புத்தளத்தில், இடம் தந்தவர்களும் இடம் தேடி வந்தவர்களும் ஒரே கிணற்றில், ஒரே பாடசாலை வாங்கில், ஒரே கூலி வேலையில் நெருக்குப்பட்ட அந்த இருபது வருடத்தில், 'பாரமாப் போயிட்டோம்' என்ற சொல் இரண்டு தரப்பையும் எப்படித் தைத்தது என்பதும் எழுதப்பட்டது குறைவு. தந்தவர்களின் பொறையைப் பற்றி நாம் நன்றி நவிலலாக எழுதுகிறோம். கதையாக எழுதப் பயப்படுகிறோம்.

போர் முடிந்து முசலிக்குத் திரும்பியவர்களுக்குச் சுமை என்ற சொல் சட்டத்திலிருந்து வந்தது. எண்பிக்கும் சுமை. காடு வளர்ந்து மூடிய ஊர்களில் இது எங்கள் ஊர் என்று திரும்பி வந்தவர்தான் எண்பிக்க வேண்டும். மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகள் 2012இல் ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் வந்தன. பிறகு வில்பத்து என்ற பெயரில் நாடு முழுவதும் எழுந்த சத்தம் வாசகர்களுக்குத் தெரியும். ஒரு நூற்றாண்டுக்கு முன் முத்துச் சலாபத்தின் பாசறையாக அரச பதிவுகளில் இருந்த ஊருக்கு, அங்கே மனிதர் இருந்தார்கள் என்று காட்டவேண்டி வந்தது. உறுதிகள் பலவும் அந்த அலுமாரிகளோடு போயிருந்தன. மக்கள் காட்டியவை பழைய கிணறுகள், பள்ளிவாசலின் அத்திவாரம், புளியமரம், மையவாடி.

மையவாடியில் தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் நாம் நாட்டும் கல்லை மீசான் என்கிறோம். தராசுக்கான அரபுச் சொல் எப்படிக் கபுறடிக் கல்லுக்குப் பெயரானது என்பதற்கு இரண்டு பக்கமும் நிற்கும் இரு தட்டுகள் என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். எனக்கு அந்த விளக்கம் பிடிக்கும், ஆனால் அதில் நிற்க மாட்டேன். இடப்பெயர்வு எழுத்தில் இந்தக் கற்கள் அடிக்கடி வருகின்றன, பெரும்பாலும் நினைவின் சின்னமாக, நிலவொளியில். முசலியில் அவை வேறு வேலை செய்தன. பற்றையை வெட்டி, மண்ணைத் தட்டி, இன்னார் மகன் இன்னார் என்று சொல்லி, ஊர்ப் பெரியவர்கள் அவற்றை அதிகாரிகளுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் காட்டினார்கள். எழுத்துப் பொறித்த கல் சில. பல வெறும் கற்கள், பெயர் கிழவர்களின் வாயில்தான் இருந்தது. அந்தப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையை யாராவது செய்ய வேண்டும், சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே. எந்தக் கல் யாருடையது, எந்த வருடத்து மௌத்து, எந்த வீட்டுக்காரர், வாப்பா யார் என்று. இந்த இதழ் அதற்குப் பக்கம் ஒதுக்கினால், முன்னுரையில் கனதியான என்ற சொல் வராமல் பார்த்துக்கொள்ள நான் தயார்.